யாருக்குப் போட்ட கையெழுத்து

"ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் டூ ஸீரோ ஃபோர் த்ரீ டாட் ஜேபிஜி. கிராஃபிக்."

மடிக்கணினியிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. பார்வையற்றவர்கள் திரையைக் காதால் வாசிக்க உதவும் ஸ்க்ரீன் ரீடரின் குரல் அது. விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் கீழ் அம்புக்குறியை அழுத்தினார். "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் டூ ஸீரோ ஃபோர் ஃபோர் டாட் ஜேபிஜி. கிராஃபிக்." இன்னொரு அழுத்தம், அடுத்த எண். நிறுத்திவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இதை யாரு தம்பி டெஸ்ட் பண்ணி விட்டாங்க?"

"தெரியலண்ணே" என்றேன்.

தெரியும். நான்தான்.

2020 பிப்ரவரியில் நடந்தது இது. அப்போது நான் இருந்த நிறுவனம் எங்கள் டீமுக்குப் பயிற்சி கொடுக்க அவரை அழைத்திருந்தது. பிறவியிலேயே பார்வையில்லாதவர், இணையதளங்களைச் சோதித்துச் சொல்வது அவருடைய தொழில். "நாலு அரசு சைட் திறக்கிறேன், எங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு கேளுங்க" என்று ஆரம்பித்தார். அவர் திறந்த மூன்றாவது தளம், 2017இல் வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது ஒரு மாநில அரசுத் துறைக்காக நான் கட்டியது. அதோடு போகவில்லை. அந்தத் தளம் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கது என்று துறைக்குக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்ற வரிக்கு மேலே இருப்பது என் கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். டெண்டரில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ஜிஐஜிடபிள்யூ, இந்திய அரசு இணையதளங்களுக்காகத் தேசியத் தகவல் மையம் 2009இல் கொண்டுவந்த வழிகாட்டி. இன்னொன்று அதற்கு அடிப்படையான டபிள்யூசிஏஜி, உலகம் முழுக்க இணைய அணுகல்தன்மைக்கு அளவுகோலாக வைக்கப்படுவது. 2.0 பதிப்பு, ஏஏ நிலை. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1 இருக்க வேண்டும், மவுஸ் இல்லாமலும் எல்லாம் இயங்க வேண்டும் என்று அதில் பல விதிகள். படங்களைப் பற்றியது மிக எளிமையானது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அது சொல்ல வருவதை எழுத்தில் வைக்க வேண்டும். ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும்.

எங்கள் தளத்தில் நானூற்றுச் சொச்சம் படங்கள். துறையிலிருந்து வந்த அறிவிப்புகளில் பாதிக்கு மேல், பலகையில் ஒட்டிய காகிதத்தை யாரோ போனில் படமெடுத்து அனுப்பியவை. சோதனைக் கருவி நானூற்றுச் சொச்சம் பிழைகள் என்று சிவப்பில் காட்டியது. தளத்தைத் திறந்துவைக்க நாள் குறித்தாகிவிட்டது. நான் பதினோரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆல்ட் டெக்ஸ்ட் காலியாக இருக்கும் இடத்தில் எல்லாம் கோப்பின் பெயரைப் போட்டு நிரப்பும். ஓட்டினேன். எல்லாம் பச்சை. நாங்கள் வைத்திருந்த கருவிக்கு அங்கே ஏதோ எழுதியிருக்கிறது என்பது தெரியும், என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. மேனேஜர் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அழகான ஸ்கிரிப்ட்.

அடுத்து நடந்ததை நான் நண்பர்களிடம் ஜோக்காகவே சொல்லி வந்திருக்கிறேன். அறிக்கையை பிரிண்ட் எடுத்தோம், கையெழுத்து போட்டோம், முத்திரை குத்தினோம், ஸ்கேன் செய்தோம், பிடிஎஃப் ஆக்கித் தளத்திலேயே ஏற்றினோம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது ஒரு படம். அதற்குள் எழுத்து கிடையாது. இந்தத் தளம் உங்களுக்கானது என்று சொல்லும் காகிதத்தை, அது யாருக்கானதோ அவரால் மட்டும் வாசிக்க முடியாது.

*

நான் பொய் சொன்னேனா? இந்தக் கேள்வியை ரொம்ப நாள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். வரிவரியாகப் பார்த்தால் அறிக்கையில் பொய் இல்லை. 'அனைத்துப் படங்களுக்கும் மாற்று உரை அளிக்கப்பட்டுள்ளது.' அளிக்கப்பட்டிருந்தது. 'தானியங்கிச் சோதனையில் பிழைகள் ஏதும் இல்லை.' இல்லைதான். ஆனால் எல்லா வரியும் உண்மையாக இருந்தும் மொத்தமாக ஒரு பொய்யைச் சொல்ல முடியும். கணக்குத் தணிக்கை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். எங்களுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும் அந்த வகுப்புக்கு நான் போயிருக்க மாட்டேன்.

பள்ளியில் படித்த மூன்று இடங்கள் ஞாபகம் இருக்கும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. அந்த அறிக்கையை இப்போது எடுத்துப் படித்தால் இந்த மூன்றும் துல்லியமாக உட்கார்ந்திருக்கின்றன. தன்மையில் நாங்கள், நிறுவனம். முன்னிலையில் துறை, பணம் தருபவர். படர்க்கையில் பயனாளி. முப்பத்திரண்டு பக்கத்தில் பயனாளி வரும் இடமெல்லாம் அவர் பேசப்படுபவர்தான், பேசவே இல்லை. ஆலோசகர் என்ற வேலையின் அமைப்பே இப்படித்தான். ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையில், வேலை மூன்றாவது ஒருவருக்காக. இரண்டு பேரும் திருப்தியாகக் கைகுலுக்கிவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. மூன்றாமவருக்குக் குலுக்கக் கை நீட்டும் உரிமை அதில் எழுதப்படவில்லை.

லெவினாஸ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி, எதிரே இருக்கும் மனிதனின் முகத்திலிருந்துதான் அறம் தொடங்குகிறது என்றார். அந்த முகம் என்னைக் கட்டிப்போடுகிறது, அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் எங்களைப் போன்றவர்கள் தப்பித்திருப்போம். நாங்கள் கட்டும் தளத்தைப் பயன்படுத்தும் லட்சம் பேரில் ஒரு முகத்தைக்கூட நாங்கள் பார்ப்பதில்லையே. ஆனால் அவரே மூன்றாமவரைப் பற்றியும் பேசுகிறார். இருவருக்கு நடுவே மூன்றாமவர் வந்துவிட்டால் அன்பு மட்டும் போதாது, ஒப்பிடவும் அளக்கவும் வேண்டும், சட்டமும் நிறுவனமும் வேண்டும் என்கிறார். அளவுகோல்கள் பிறக்கும் இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. டபிள்யூசிஏஜியை யாரும் தத்துவ நூலாகப் படிப்பதில்லை. படிக்கலாம். நீ பார்க்கவே போகாத ஒருவருக்கு நீ என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறாய் என்பதற்கு இவ்வளவு விவரமாகப் பதில் சொன்ன நூல்கள் அதிகம் இல்லை.

*

இந்த மூன்றாமவர் ஒருமுறை எழுந்து நின்று கேள்வி கேட்ட கதை ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக். போட்டிகளை நடத்த நியூ சவுத் வேல்ஸ் அரசு தனிச் சட்டம் போட்டு ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தது. அதன் இணையதளத்தைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் ஐபிஎம். புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், பிரெய்ல் காட்டியை வைத்துக் கணினி பயன்படுத்துபவர், 1999 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக முடியவில்லை. முடிவுகளின் அட்டவணையை வாசிக்க முடியவில்லை. அவர் கேட்டது அவ்வளவுதான். டபிள்யூசிஏஜியின் முதல் பதிப்பு அந்த மே மாதம்தான் வெளிவந்திருந்தது.

எதிர்த்தரப்பு சொன்ன பதில் சுவாரசியமானது. முடிவுகளுக்கான அட்டவணை வார்ப்புருக்கள் 1,295 இருக்கின்றன, இவற்றை மாற்ற ஒரு ஆள் தினம் 8 மணி நேரம் வீதம் 368 நாள் வேலை செய்ய வேண்டும், மொத்தச் செலவு 21.8 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், இது எங்கள் மேல் சுமத்தப்படும் நியாயமற்ற சுமை. மக்வயர் தரப்பு நிபுணர்கள் அதைவிட வெகு குறைவான ஆட்களும் நாட்களும் போதும் என்று கணக்குக் காட்டினார்கள். 2000 ஆகஸ்டில் ஆணையம் மக்வயர் பக்கம் தீர்ப்பு சொல்லி, போட்டி தொடங்கும் செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொன்னது. முழுதாகச் செய்யப்படவில்லை. நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவு வந்தது. அப்போது ஒலிம்பிக் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அந்த 368 நாளைப் படித்தபோது நான் சிரித்தேன், உடனே நிறுத்திக்கொண்டேன். எஸ்டிமேட் போடத் தெரிந்தவனுக்குத்தான் அந்த எண்ணின் வாசனை தெரியும். செய்ய விருப்பமில்லாத வேலைக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எண் சொல்வோம். கேட்பவர் பயந்து விலகும் அளவுக்குப் பெரிதாக, நம்பும் அளவுக்குத் துல்லியமாக. 370 என்று சொன்னால் ஊகம், 368 என்றால் கணக்கு. நானூறு படங்களுக்கு மனிதர்கள் உட்கார்ந்து ஆல்ட் டெக்ஸ்ட் எழுத எத்தனை நாள் ஆகும் என்று துறை அதிகாரி எங்களைக் கேட்டிருந்தால் நானும் இப்படி ஒன்றைத் தயாரித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். இரண்டு நாள். இதை நான் போட்டுப் பார்த்தது போன வருடம்தான்.

அதிகாரி வேறொன்று சொன்னார். ஒரு மீட்டிங்கில், நல்ல மனதோடுதான், "கூட ஒருத்தர் இருந்தா படிச்சுச் சொல்லிடப் போறாங்க, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நியாயமாகத்தானே பட்டது.

எனக்கு இந்தப் பயிற்சி வகுப்புக்குப் பிறகு முதலில் தோன்றியது, பிரச்சினை செக்லிஸ்ட் என்பதுதான். மனிதர்களை மறந்துவிட்டு விதிகளைப் பிடித்துக்கொண்டோம், விதிகளுக்குப் பதில் கனிவு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இலக்கியம் படிப்பவனுக்கு இந்த முடிவு ரொம்பச் சௌகரியமானது. உணர்ச்சி நம் பக்கம், இயந்திரம் எதிர்ப்பக்கம். இதை ஒரு டீக்கடையில் அண்ணனிடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கனிவு நிறைய கிடைக்குது தம்பி. பக்கத்து வீட்டுப் பையன் நல்ல பையன். என் பேங்க் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். ஓடிபி அவன்தான் படிச்சுச் சொல்லுவான். எனக்கு சுகர் இருக்கிறது என் பொண்டாட்டிக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும், ரிப்போர்ட்டை அவன்தானே படிச்சான். அவன்கிட்ட நான் கோபப்பட முடியாது. கோபப்பட்டா அடுத்த ஓடிபிக்கு யாரு?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் என் தத்துவம் கவிழ்ந்தது. உதவி பெறுபவர் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்ல வேண்டும், நல்லவராக இருக்க வேண்டும், சிடுசிடுக்காமல் இருக்க வேண்டும். விதிப்படி கட்டப்பட்ட படிவத்தின் முன் அவர் மோசமான மனிதராகக்கூட இருக்கலாம். பெருமாளே என்று சலித்துக்கொண்டே நிரப்பலாம். நம்மைப் போல. யாருக்கும் கடன்படாமல் ஒரு காரியத்தை முடிக்க விடுவது செக்லிஸ்ட்தான், கனிவால் அது ஆகாது. என் தவறு செக்லிஸ்டைப் பின்பற்றியதில் இல்லை. பின்பற்றாமல் பின்பற்றியதுபோலக் காட்டியதில் இருக்கிறது. அலங்காரப் படம் என்றால் ஆல்ட் டெக்ஸ்டை வெறுமையாக விடலாம் என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. ஸ்க்ரீன் ரீடர் அந்தப் படத்தைப் பேசாமல் கடந்துவிடும். நான் எதையுமே செய்யாமல் எல்லாப் படத்தையும் அப்படி விட்டிருந்தால்கூட அவருக்கு நானூறு கோப்புப் பெயர்களைக் கேட்கும் தண்டனையாவது மிச்சமாகியிருக்கும்.

*

அளவுகோலைத் தூக்கிப் பிடித்துவிட்டதால் அதன் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு நன்றாகத் தெரியும்.

ஒன்று எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணத்தைக் கண் தமிழாகப் பார்க்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. 'அம்மா' என்று திரையில் தெரிவதை ஸ்க்ரீன் ரீடர் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் சாகாது. ஒரு துறையின் இருபது வருட ஆவணங்கள் ஒரு தலைமுறைப் பார்வையற்றவர்களுக்கு எம், கே, அரைப்புள்ளி. அண்ணன் இதை நடித்துக் காட்டுவார், வயிறு வலிக்கச் சிரிப்போம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. ஒரு ஆவணம் ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்புக்கு மேல் தேவைப்படும் மொழியில் இருந்தால் எளிய வடிவம் ஒன்றும் தர வேண்டும் என்று டபிள்யூசிஏஜியில் ஒரு விதி உண்டு. அது ஏஏஏ நிலையில் இருக்கிறது. டெண்டர்கள் கேட்பது ஏஏ. ஆகவே அந்த விதியை யாரும் தொடுவதில்லை. 'மேற்படி திட்டத்தின்கீழ் பயன்பெற விழைவோர் உரிய படிவத்தினை உரிய இணைப்புகளுடன் உரிய அலுவலரிடம் உரிய காலத்திற்குள் சமர்ப்பிக்கக் கோரப்படுகிறது' என்று எழுதிவிட்டு, நிற வேறுபாடு சரி, எழுத்துரு சரி, பாஸ் என்று சொல்லலாம். ஸ்க்ரீன் ரீடர் நான்கு 'உரிய'வையும் தெளிவாக வாசிக்கும். கண் தெரிந்தவருக்கும் ஒன்றும் விளங்காது. இதில் ஒருவகைச் சமத்துவம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அமெரிக்க மத்திய அரசோடு வேலை செய்யும் நண்பன் ஒருவனுக்கு எங்கள் அறிக்கையைப் பற்றிச் சொன்னபோது அவன் கேட்டது, "அந்த ஃபார்ம்ல 'ஓரளவு'ன்னு ஒரு கட்டம் இல்லையா?" அங்கே பிரிவு 508 என்ற சட்டத்தின்படி அரசு வாங்கும் மென்பொருள் எல்லோரும் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். விற்பவர் விபிஏடி என்ற படிவத்தை நிரப்பித் தருவார். ஒவ்வொரு விதிக்கும் எதிரே 'ஆதரிக்கிறது', 'ஓரளவு ஆதரிக்கிறது', 'ஆதரிக்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் விளக்கமும் தர இடம் இருக்கும். ஆலோசகர் தரும் அறிக்கையும் ஸ்லைடும்கூட அதே விதிக்கு உட்பட வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதுவது அங்கே வழக்கம். அந்தப் படிவத்திலும் புளுகலாம், புளுகுகிறார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல விரும்புகிறவனுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். இல்லை என்றால் பில் பாஸ் ஆகாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கலாம்.

நம் ஊரில் இந்தக் 'கட்டாயமா, நலமா' என்ற குழப்பம் சட்டத்திலேயே இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அணுகல்தன்மையைக் கடமையாக்கியது. அதன்கீழ் வந்த 2017 விதிகளில் 15ஆவது விதி சுட்டிய வழிகாட்டிகளோ பெரும்பாலும் பரிந்துரை நடையில் இருந்தன. பார்வையற்றவரான ராஜீவ் ரதுரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. மீறவே கூடாத அடிப்படை விதிகளைப் பரிந்துரைகளிலிருந்து பிரித்து எழுத மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு. அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. எண்மவழி அணுகல், வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சிமிட்டலை எழுதிய டெவலப்பரை நான் நினைத்துக்கொள்வேன். கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். டெஸ்ட் கேஸ் எழுதும்போது தன் கண்ணையே சிமிட்டிப் பார்த்திருப்பான், பச்சை விழுந்திருக்கும்.

பார்வையற்றவர்கள் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் அன்று பயன்படுத்தியது என்விடிஏ என்ற இலவச ஸ்க்ரீன் ரீடர். 2006இல் அதை எழுத ஆரம்பித்த மைக்கேல் கரன் பார்வையற்றவர், சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டேயும் அப்படியே. மக்வயர் வழக்கு நடந்த அதே ஆஸ்திரேலியா. என் ஸ்கிரிப்ட் பச்சை காட்டியதை அன்று அம்பலப்படுத்தியது அவர்கள் எழுதிய நிரல்தான்.

*

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது, அன்று சொன்ன 'தெரியலண்ணே'வை அப்படியே விட்டுவிட்டு எழுத முடியாது என்று பட்டது. போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பக்கம் இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே. மாத்தவே இல்ல."

"அதுல என்னதான் இருக்கு? 2043. படி."

திறந்தேன். உதவித்தொகைக்கான அறிவிப்பு. பலகையில் ஒட்டியதை யாரோ சாய்வாக எடுத்த படம், ஓரத்தில் ஒரு கட்டைவிரல். யார் விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு, இணைக்க வேண்டிய சான்றிதழ்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் எழுத்து மங்கல், பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் அவர் எதுவும் சொல்லவில்லை.

"கடைசி தேதி?"

"2018, மார்ச் 16."

"ம்" என்றார். பிறகு, "அடுத்தது 2044. அதையும் படி தம்பி."